சஷ்டியில் சிறுத்தை பார்க்கப் போனவர்

பரமேஸ்வரனுக்கு இடது கண் போனது தொண்ணூற்றி மூன்றாம் ஆண்டு. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் பஸ்ஸின் நம்பர் தெரியாமல் போனது, பிறகு பஸ்ஸே தெரியாமல் போனது. சலரோகம், அந்தச் சீனி வருத்தம் என்கிற சனியன் இரத்தக் குழாய்களைத் தின்று தின்று கடைசியில் கண்ணுக்குள் போய்க் குந்திக்கொண்டது. ஆசுப்பத்திரியில் லேசர் அடித்தார்கள். அடித்தும் மீளவில்லை. அவ்வளவு பிந்திப் போனால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்! ஆனால் மனுசன் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. லேசர் அடிக்கும்வரை கொஞ்சமாவது தெரிந்தது, அடித்த பிறகுதான் ஒன்றுமில்லாமல் போனது என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியை விட்டு அவரை ஒருவராலும் இறக்க முடியவில்லை. நடந்த அவ்வளவுக்கும் வேர் அதுதான்.

வீடு தெற்கு லண்டனில், மிச்சம் என்ற இடத்தில். வேலை கோலியர்ஸ் வுட்டில், ஒரு போட்டோக் கடையின் பின்னறையில். லண்டனுக்கு வந்த எண்பத்தி நாலிலிருந்து அங்கேதான். மற்றவர்களின் பிலிம் ரோலைக் கழுவி, நிறம் பார்த்து, பிரிண்ட் போட்டு, உறையில் இட்டுக் கொடுக்கிற வேலை. சனி ஞாயிறுகளில் எங்கள் சனத்தின் கலியாண வீடு, பெரியபிள்ளையான பெட்டைகளின் சாமத்திய வீடுகளுக்குத் தானே போய்ப் படம் எடுப்பார். இடது கண் போன பிறகும் விடவில்லை. ஆராவது கேட்டால் ஒரு பதில் வைத்திருந்தார்.

"படம் எடுக்கிறவன் எப்பிடியும் ஒரு கண்ணைப் பூட்டித்தானே பாக்கிறவன். எனக்கு முருகன் பூட்டியே விட்டிட்டான், கரைச்சல் இல்லை."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். மனைவி சிவகௌரி சிரிக்கமாட்டாள்.

அந்தக் கடைக்குப் படம் கழுவ வருகிறவர்களில் ஹோல்ரோய்ட் என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்த ஆள். வருசா வருசம் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு ஆபிரிக்காவில் பொட்ஸ்வானா என்ற நாட்டுக்குப் போவார். அங்கே ஒக்கவாங்கோ என்றொரு ஆறு. கடலுக்குப் போய்ச் சேராத ஆறு அது. வனாந்தர மணலில் வந்து விரிந்து, ஆயிரம் வாய்க்காலாகப் பிரிந்து, கோரைப்புல்லுக்கும் சின்னத் தீவுகளுக்கும் நடுவில் ஊறி, அங்கேயே வற்றிப்போகிறது. அந்த ஈரத்தைத் தேடி மான் வரும். மானைத் தேடிச் சிங்கமும் சிறுத்தையும் காட்டுநாயும் வரும். தண்ணீருக்குள் முதலை கிடக்கும். இதையெல்லாம் வண்டியில் இருந்தபடி படம் எடுக்கிற பயணம்தான் ஹோல்ரோய்ட் நடத்துவது.

அந்தப் படங்களெல்லாம் பரமேஸ்வரனின் கையால்தான் பிரிண்ட் ஆகும். பத்து வருசமாக அவர் சிங்கத்தின் பல்லையும் முதலையின் முதுகையும் சரியான நிறத்துக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒன்றையும் நேரே கண்டதில்லை. கலியாண வீட்டுக்குச் சமைக்கிறவன் பந்தியில் இருக்காத மாதிரி. ஹோல்ரோய்ட் பிரிண்டுகளைப் பார்த்து ஒதுக்கும்போது ஒரே அளவுகோல்தான் வைத்திருப்பார்: மிருகத்தின் கண் தெளிவாக விழுந்திருக்கிறதா? இல்லையென்றால் படம் குப்பைக்கு. சிறுத்தைப் படங்கள்தான் கூடுதலாகக் குப்பைக்குப் போகும். ஒரு வால், அரைக் காது, இலைக்குள் ஒரு புள்ளி. அந்த வாலையும் காதையும் பார்த்துப் பார்த்தே அவருக்குச் சிறுத்தை மேல் ஒரு விசர் பிடித்திருந்தது.

தொண்ணூற்றி நாலாம் ஆண்டு செப்டெம்பரில் ஹோல்ரோய்டின் ஆட்களில் ஒருவர் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஒரு இடம் காலி.

"பரம், நீ வா," என்றார் ஹோல்ரோய்ட். "பத்து வருடமாக என் சிறுத்தைகளைப் பார்க்கிறாய். ஒருமுறை உன்னுடையதைப் பார்."

அதே மாதம் ஆசுப்பத்திரியில் கண் டொக்டர் வேதவல்லி அவரை உட்காரவைத்துக் கதைத்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுசி, முகத்துக்கு நேரே சொல்லுகிறவர்.

"வலது கண்ணுக்கும் லேசர் வெச்சே ஆகணும் சார். உள்ள புதுசா ரத்தக்குழாய் முளைச்சிருக்கு. நூல் மாதிரி இருக்கு. அழுத்தித் தும்மினாக்கூட உடைஞ்சிடும். நவம்பர் முதல் வாரம் தேதி போடறேன். தவற விடாதீங்க. இருக்கிறதே இந்த ஒரு கண்ணுதான்."

"ஓம்" என்றுதான் சொல்லிவிட்டு வந்தார். நவம்பர் முதல் வாரம் ஹோல்ரோய்டின் பயணமும் விழுந்தது. இரண்டு நாள் யோசித்தார். லேசர் அடித்து இந்தக் கண்ணும் போய்விட்டால் பிறகு ஏது சிறுத்தை? போவதென்றால் பார்த்துவிட்டுப் போகட்டும். கடையின் போனிலிருந்து ஆசுப்பத்திரிக்கு அடித்து, இப்போது வேண்டாம், டிசம்பரில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் சொன்னது வேறு கதை.

"இஞ்சாரும் கௌரி, உவங்கள் லேசரை டிசம்பருக்குத் தள்ளிப்போட்டிட்டாங்கள்."

"ஏனாம்?"

"ஆருக்குத் தெரியும். ஆள் பத்தாதாம்."

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க என்ன காரணம்? கலியாணம் கட்டிய நாளிலிருந்து மனுசன் பிடிவாதக்காரன்தான், பொய்க்காரன் அல்ல.

அடுத்த பிரச்சினை கலண்டரில் இருந்தது. அந்த வருசம் கந்தசஷ்டியும் அந்தக் கிழமையில்தான். பதினேழு வயதிலிருந்து பரமேஸ்வரன் சஷ்டி விரதம் விட்டதில்லை. ஆறு நாளும் பகலில் பச்சைத் தண்ணீர், பொழுதுபட ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமும். ஆறாம் நாள் சூரன்போர் அன்றைக்கு அதுவும் இல்லை. மறுநாள் காலை பாறணை செய்து விரதத்தை முடித்துத்தான் சோறு. சலரோகத்துக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகும் இதே கணக்குத்தான், ஆனால் வீட்டில். சிவகௌரி பக்கத்தில் இருந்து, முகம் வேர்க்கிறதா, கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருப்பாள்.

"இஞ்சாருங்கோ, அந்தக் காட்டுக்கை போய் விரதம் பிடிக்க ஏலாது. ஒண்டில் பயணத்தை விடுங்கோ, இல்லாட்டி விரதத்தை விடுங்கோ."

"இந்த வருசம் பிடிக்காம வேறை எந்த வருசம் பிடிக்கிறது? கண்ணுக்கு நேந்திருக்கிறன்."

"அப்ப உங்களுக்காக நான் பிடிக்கிறன். நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு ஊசியைப் போடுங்கோ. முருகன் ஆரின்ரை வயிறெண்டு பாக்கப்போறாரே?"

"அவரவர் கண்ணுக்கு அவரவர்தான் பிடிக்கவேணும்."

"விசர்க் கதை கதையாதேங்கோ."

"நான் போறன், கௌரி. அவ்வளவுதான்."

அவள் ஊசிப் பெட்டியை எடுத்து அவருடைய பைக்குள் வைத்தாள். அவளும் அந்த ஆறு நாளும் மிச்சம் வீட்டில் பட்டினி கிடந்தாள். அது அவருக்குப் பிறகுதான் தெரியும்.

ஒக்கவாங்கோவில் அவர்களைக் கொண்டு திரிந்த வழிகாட்டி மொலெபி. அந்தத் தண்ணீர்க் காட்டில் பிறந்தவர், நாற்பது வயதிருக்கும், கதை குறைவு. முதல் நாளே கூரையில்லாத ஜீப்பில் எல்லோரையும் ஏற்றிவிட்டுச் சட்டத்தைச் சொன்னார்.

"மிருகத்துக்கு வண்டியும் நீங்களும் ஒரே உருவம். பெரிய, மணக்கிற, தின்ன முடியாத ஒரு சாமான். எழும்பி நின்றால் அந்த உருவம் உடைந்துபோகும். இறங்கினால் நீங்கள் வெறும் இறைச்சி. அவ்வளவுதான் பாடம்."

கொளுத்துகிற வெயில். மழைக்கு முந்திய மாதம், தண்ணீர் வற்றிக் குட்டை குட்டையாகச் சுருங்கியிருந்தது. இரண்டாம் நாள் காலை காட்டுநாய்க் கூட்டம் ஒன்று சிவந்த மானொன்றைக் கலைத்துத் துரத்தி வந்ததைக் கண்டார்கள். நாய்கள் குரைக்கவில்லை, அவசரப்படவுமில்லை. வேலைக்குப் போகிற ஆட்கள் மாதிரி ஓடின. மான் தண்ணீருக்குள் பாய்ந்தது. நாய்கள் கரையில் நின்றுவிட்டன. தப்பிவிட்டது என்று வண்டியில் ஒரு அம்மா கைதட்டினார். தட்டிய கை விரியுமுன் தண்ணீர் ஒருதரம் சுழன்றது, மான் இருந்த இடத்தில் மானில்லை. முதலை. நாய்கள் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுத் திரும்பிப் போயின. பரமேஸ்வரன் எல்லாவற்றையும் எடுத்தார். கை நடுங்கியது. பயத்தாலா பசியாலா என்று அவருக்கே தெரியாது.

ஹோல்ரோய்டுக்கு அவர் சொல்லி வைத்தது, வயிறு சரியில்லை என்று. மொலெபியிடம் அது எடுபடவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் தொடாத தட்டைப் பார்த்துவிட்டு வந்து குந்தினார்.

"உடம்புக்கு வருத்தமா?"

"இல்லை. சாமிக்கு விரதம். ஆறு நாள்."

மொலெபி அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "இங்கே ஆறு நாள் சாப்பிடாமல் இருப்பது பல் விழுந்த கிழட்டுச் சிங்கம் மட்டும்தான். அதுவும் விரும்பி இருப்பதில்லை."

பரமேஸ்வரன் சிரித்தார். மொலெபி சிரிக்கவில்லை. ஊசி போடுகிற ஆள் என்று அவருக்குச் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். சொல்லவில்லை. சொன்னால் வண்டியில் ஏற்றமாட்டார்கள் என்ற பயம்.

நாலாம் நாள் சிங்கங்கள், எருமைக் கன்றின் வயிற்றுக்குள் தலையை விட்டபடி. ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை, வெறும் வெயில். சிறுத்தையின் கால்தடம் மட்டும் ஈரமணலில் இருந்தது. அன்று பொழுதுபட விரலில் குத்திப் பார்த்தபோது இரத்தத்தில் சீனி கூடுதலாகக் காட்டியது. அதுவரை ஊசி மருந்தைப் பாதியாய்க் குறைத்துத்தான் போட்டுவந்தார். கூடிப்போச்சே என்று ஆறாம் நாள் விடிய முழு அளவையும் ஏற்றினார். ஏற்றிவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தார். சூரன்போர் அல்லவா. பக்கத்தில் சிவகௌரி இருந்திருந்தால் ஊசியைப் பறித்து எறிந்திருப்பாள்.

வெயில் ஏறுகிற நேரம் மொலெபி வண்டியை நிறுத்தினார். விரலால்கூடக் காட்டவில்லை, நாடியைச் சற்றே தூக்கினார். கணுக்கால் அளவு தண்ணீருக்கு அப்பால் ஒரு கறையான் புற்று. புற்றின் மேல் சிறுத்தை. முழுச் சிறுத்தை. வாலும் காதும் தோளும் முகமும் எல்லாம் சேர்ந்த ஒன்று. காலடியில் மான்குட்டி ஒன்று கழுத்து மடிந்து கிடந்தது. வண்டியில் கமராக்கள் மட்டும் கடகடவென்று அடித்தன.

பரமேஸ்வரனின் கமராவுக்குள் சிறுத்தை ஆடியது. துடைத்துப் பார்த்தார், ஆடியது. சட்டை முதுகோடு ஒட்ட வேர்த்துக் கொட்டியது. முன்னால் புல்லு நிற்கிறது, புல்லு மறைக்கிறது, கொஞ்சம் பக்கத்தில் போனால் கண் தெளிவாக விழும் என்று தோன்றியது. சீனி இறங்கிவிட்டால் மூளை இப்படித்தான் சொல்லும். அது சொல்வது அந்த நேரத்தில் நல்ல ஞாயமாகவே படும். பின்வரிசையில் இருந்த பரமேஸ்வரன் எழும்பினார். காலைத் தூக்கி வெளியே வைத்தார். தண்ணீருக்குள் இறங்கி, கமராவைக் கண்ணில் வைத்தபடி, புற்றை நோக்கி நடந்தார்.

"பரம்!" ஹோல்ரோய்டின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "குடித்திருக்கிறானா? கடவுளே, குடித்திருக்கிறான்!"

சிறுத்தை தலையைத் தாழ்த்தியது. காது பின்னுக்குப் போனது. தொண்டைக்குள் மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். அவர் நின்று கமராவின் பொத்தானை அமத்தினார், அமத்தினார், ரோல் முடியும்வரை அமத்தினார்.

மொலெபி ஓடவில்லை. ஓடினால் இரண்டு பேரும் முடிந்தது. மெல்ல இறங்கி, தண்ணீரை அலம்பாமல் நடந்து, பின்னாலிருந்து அவருடைய பெல்ட்டைப் பிடித்தார். சிறுத்தையை விட்டுப் பார்வையை எடுக்காமல், ஒவ்வொரு அடியாகப் பின்பக்கமாய் இழுத்து வந்தார். சிறுத்தை குட்டியைக் கவ்விக்கொண்டு புற்றுக்கு அப்பால் குதித்தது. அந்தப் பயணத்தில் பிறகு ஒருவரும் அதைக் காணவில்லை.

வண்டிக்குள் கிடத்திய பிறகு மொலெபி அவர் வாயை முகர்ந்து பார்த்தார். சாராயமில்லை. சட்டைப்பையைத் தடவியபோது ஊசிப் பெட்டி அகப்பட்டது. மொலெபியின் தகப்பனுக்கும் அதே சலரோக வருத்தம். உடனே தேத்தண்ணிப் பெட்டியைத் திறந்து சீனியை உள்ளங்கையில் கொட்டி அவர் வாயில் திணித்தார். பரமேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"விரதம்… நாளைக்குத்தான்… நாளைக்குப் பாறணை…"

தமிழில் சொன்னது அங்கே ஆருக்கு விளங்கும்? விளங்கியிருந்தாலும் விட்டிருக்கமாட்டார்கள். இரண்டு பேர் தாடையைப் பிடிக்க, மொலெபி சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினார். கொஞ்ச நேரத்தில் நினைவு வந்தது. நினைவோடு ஓங்காளமும் வந்தது. ஆறு நாள் காய்ந்த வயிற்றில் அந்தச் சீனித் தண்ணீரை விட்டால் வேறொன்றுமில்லை. ஒன்றுமில்லாததை வெளியே தள்ள உடம்பு முழுவதும் முறுகியது. நரம்பு புடைக்க, வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். நிமிர்ந்தபோது வலது கண்ணுக்குள் ஒரு கறுப்பு நூல் இறங்கியது. நூல் சிலந்தி வலையாகியது. வலை புகையாகியது.

"என்ரை முருகா," என்றார். பிறகு ஆங்கிலத்தில், "வெயில் ஏன் மங்குது?" என்று கேட்டார்.

மங்கவில்லை. உச்சி வெயில். இந்த உலகத்தில் பரமேஸ்வரன் கடைசியாகத் தெளிவாகக் கண்டது சிறுத்தையை அல்ல. மொலெபியின் உள்ளங்கையில் வியர்வையோடு ஒட்டியிருந்த சீனியை.

லண்டனுக்கு ஹோல்ரோய்ட் கையில் பிடித்துத்தான் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் சிவகௌரி அழவில்லை. நேரே ஆசுப்பத்திரி. வேதவல்லி கருவிக்குள்ளால் நெடுநேரம் பார்த்தார்.

"உள்ள முழுக்க ரத்தம். ஆபரேஷன் பண்ணிப் பாக்கறோம், ஆனா விழித்திரையும் இழுபட்டிருக்கு. நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்." கருவியைத் தள்ளிவிட்டுக் கேட்டார். "ஏன் சார் வரலை? நான் தேதி போட்டுக் கொடுத்தேனே. நீங்கதானே போன் பண்ணி வேண்டாம்னு சொன்னீங்க?"

 பரமேஸ்வரனுக்கு மனைவியின் முகம் தெரியவில்லை. தெரியாதது அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் நல்லதாய்ப் போயிற்று.

"இவரோ?" என்றாள் சிவகௌரி. "இவரோ போன் பண்ணினவர்?"

"ஆமா. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

சிவகௌரி எழும்பி அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள். பிடித்த பிடியில் எலும்பு நொந்தது. வாசல் பூட்டில் திறப்பைப் போடும்போதுதான் வாய் திறந்தாள்.

"ஆறு நாள் நான் இஞ்சை பட்டினி கிடந்தனான். உங்கடை கண்ணுக்கு. நீங்கள் அதை ஏற்கெனவே வித்துப்போட்டுப் போயிருக்கிறியள்."

ஆபரேஷன் நடந்தது. ஒன்றும் மீளவில்லை. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் நின்றது.

தைப்பொங்கல் கழிந்து, கடைக்குப் போகவேண்டும் என்று மனுசன் ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய இடத்தில் இப்போது ஆனந்தராஜா. முன்பு அவருக்குக் கீழே இருந்து வேலை பழகிய இளந்தாரி. பரமேஸ்வரன் பயணத்தில் எடுத்த ரோல்களைக் கழுவி வைத்திருந்தான், ஆனால் ஒருவரும் வந்து கேட்கவில்லை. சிவகௌரி கூட்டிக்கொண்டு போனாள். மருந்து மணம் மூக்கில் ஏறியதும் பரமேஸ்வரன் தன் பழைய முக்காலியைக் காலால் தேடிக் குந்தினார்.

"கடைசி ரோலைப் போடடா. சிறுத்தை."

மெசின் ஓடியது. பிரிண்டுகள் விழுகிற சத்தத்தை அவர் தலையைச் சரித்துக் கேட்டார்.

"பரமண்ணை!" என்றான் ஆனந்தராஜா. "சோக்கா விழுந்திருக்கு அண்ணை."

"கண்?"

"என்ன அண்ணை?"

"சிறுத்தையின்ரை கண் தெளிவோ எண்டு கேட்டனான்."

"ஓம் அண்ணை, நல்ல தெளிவு. முழிச்சுக்கொண்டு நிக்குது."

பரமேஸ்வரனின் முகம் மலர்ந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு மலர்ந்த முகம். ஆனந்தராஜா கும்பிடாத குறையாகச் சிவகௌரியைப் பார்த்தான். அவள் பிரிண்டுகளை வாங்கினாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏன் தம்பி பொய் சொல்லுறீர்?" என்றாள். "இந்த வீட்டுக்குப் பொய் போதும்."

"அக்கா…"

"புல்லு," என்றாள் கணவன் பக்கம் திரும்பி. "முன்னாலை நிண்ட புல்லுத்தான் தெளிவு. ஒவ்வொரு இதழும் தெரியுது. பின்னாலை மஞ்சளாய் என்னவோ கலங்கிக் கிடக்கு. சிறுத்தையெண்டு நீங்கள் சொன்னாத்தான் உண்டு. கண்ணுமில்லை, மூக்குமில்லை."

"எல்லாத்திலையுமோ?"

"எல்லாத்திலையும்."

பரமேஸ்வரன் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். வழுவழுத்த தாளை விரலால் ஒருதரம் தடவினார். வேலை செய்த காலத்தில் எத்தனையாயிரம் தாளை அப்படித் தடவியிருப்பார். பிறகு முக்காலிக்கு இடப்பக்கம், கழிவுக் கூடை எப்போதும் இருக்கிற இடத்துக்குக் கையைக் கொண்டுபோய் விட்டார். ஆனந்தராஜா கூடையைக் கதவோரம் மாற்றி வைத்திருந்தான். படங்கள் நிலத்தில் பரவி விழுந்தன. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை.

அந்த வருசச் சஷ்டி ஒக்டோபர் கடைசியில் வந்தது. ஊரில் போர் நடந்து குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம், எங்கள் சனம் எல்லாம் கோயிலில்தான். முதல் நாள் காலை சிவகௌரி எழும்பி, பரமேஸ்வரனின் வயிற்றில் ஊசியைப் போட்டாள். இப்போது அது அவள் வேலை. பிறகு பாணும் அவித்த முட்டையும் மேசையில் வந்தது. சஷ்டி தொடங்குகிற காலையில் முட்டை மணத்தால் மனுசனுக்குத் திக்கென்றது.

"கௌரி, இண்டைக்கு…"

"தெரியும். சாப்பிடுங்கோ."

"நீர் பிடிக்கிறீரோ?"

கதிரை இழுபடுகிற சத்தம். எதிரே அவள் இருந்தாள். முட்டைக் கோது மேசை விளிம்பில் தட்டுப்பட்டு உடைந்தது.

"இனி என்னத்தைக் கேட்டுப் பிடிக்கிறது?"

பரமேஸ்வரன் தட்டைத் தடவிப் பாணை எடுத்தார். வாயில் வைத்தார். பதினேழு வயதுக்குப் பிறகு முதல்முறை. எதிர்ப்பக்கத்தில் அவளும் மென்றுகொண்டிருந்தாள். அது அவருக்கு நன்றாகக் கேட்டது.